ஆற்றைப் பார்த்தபடி ஒரு நினைவு பெஞ்சு: வைப்பதற்கு முன் யோசிக்க வேண்டியவை

கேள்வி இதுதான்: மறைந்த அம்மாவின் நினைவாக, அவர் வழக்கமாக நடந்துபோன ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சு வைக்கக் குடும்பத்தார் விரும்புகிறார்கள். எந்த இடம் நல்லது, என்ன மரம், அதில் என்ன எழுதுவது, எத்தனை வருஷம் நிற்கும், அஸ்தியில் கொஞ்சத்தை அதன் அடியில் வைக்கலாமா?

சுருக்கமான பதில்: முதலில் இடத்தைப் பாருங்கள். அடுத்து, அந்த இடத்தில் பெஞ்சைத் தரையோடு எப்படிப் பிடித்து நிறுத்துவது என்று பாருங்கள். மரம் அதற்குப் பிறகு, வாசகம் கடைசியில். பெரும்பாலான குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. வாசகம் முதலில் தயாராகிவிடும். படத்தைப் பார்த்துப் பெஞ்சைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். இடத்தை மட்டும் நிர்வாகம் காட்டுகிற மூலைக்கு விட்டுவிடுவார்கள். சில வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் நல்ல மரம், நல்ல எழுத்து, உட்காரத்தான் ஆள் இருக்காது. அப்படி ஒன்றைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். வழிப்போக்கர் யாராவது வந்து உட்கார்ந்தால்தான் உங்கள் அம்மாவின் பெயரை யாராவது வாசிப்பார்கள். ஆகவே கீழே நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் உட்காரப் போகிறவரின் பக்கத்திலிருந்துதான்.

முதலில் அனுமதி விஷயத்தை முடித்துவிடலாம். ஆற்றங்கரை என்றால் அது பொது இடம் என்று நினைத்துவிட வேண்டாம். நடைபாதை ஒருவருடையதாகவும், அதற்கும் தண்ணீருக்கும் இடையிலுள்ள புல்வெளி வேறொருவருடையதாகவும், கரையைப் பராமரிக்கும் பொறுப்பு மூன்றாவது ஒரு துறையிடமும் இருக்கலாம். மூவரிடமும் கேட்க வேண்டும். நிலத்தின் சொந்தக்காரர் சம்மதித்தாலே போதாது, ஆற்றைக் கவனிக்கும் துறையும் சம்மதிக்க வேண்டும். வெள்ளம் போகும் பாதையில் எதை நட்டாலும் அது தண்ணீரைத் தடுக்கும், அல்லது பிய்த்துக்கொண்டு போய்க் கீழே ஒரு பாலத்தில் சிக்கும் என்பது அவர்களுடைய கவலை. நியாயமான கவலைதான். உதாரணத்துக்கு இங்கிலாந்தில், முக்கிய ஆறுகளின் கரையிலிருந்து 8 மீட்டருக்குள், கடல் ஓதம் ஏறும் பகுதியானால் 16 மீட்டருக்குள், வேலை எதுவும் செய்வதற்கு முன்பு சுற்றுச்சூழல் துறையின் விதிகளைப் பார்த்தாக வேண்டும். உங்கள் ஊரில் தூரம் வேறாக இருக்கலாம், ஆனால் இப்படி ஒரு கோடு இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கரைமேட்டின் மீது, அதாவது வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட மண் அணையின் மீது, குழி தோண்ட அநேகமாக எங்கேயும் விடமாட்டார்கள். குழி வழியாகத் தண்ணீர் கசிய ஆரம்பித்தால் கரையே உடையும்.

சரி, இப்போது இடம். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

ஆறு நேராக ஓடும் இடத்தை விட வளையும் இடத்தில்தான் எல்லோருக்கும் கண் போகும். வளைவின் வெளிப்பக்கத்தில் நின்றால் தண்ணீர் வருகிற திசையும் தெரியும், போகிற திசையும் தெரியும். ஆனால் ஆறு அரிப்பதும் அந்தப் பக்கத்தைத்தான். வளைவில் நீரோட்டம் வேகமாக வந்து வெளிக்கரையில் மோதி அடிமண்ணைத் தின்னும், உட்கரையில் வேகம் குறைந்து மணலைப் போட்டுவிட்டுப் போகும். வெளிக்கரை செங்குத்தாக, வேர்கள் வெளியே தொங்கிக்கொண்டு, மேலே புல் விளிம்பு முன்னுக்குத் தள்ளி நிற்கிறது என்றால் அங்கே பெஞ்சு வேண்டவே வேண்டாம். காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கல் பதித்த கரையோ, அடியில் பாறையோ, பல காலமாக அசையாமல் நிற்கும் பெரிய மரங்களோ இருந்தால் யோசிக்கலாம். உட்கரையில் அரிப்பு குறைவு, ஆனால் தாழ்வான மணல்மேடாக இருப்பதால் தண்ணீர் முதலில் ஏறுவது அங்கேதான். என் கணிப்பில் பெரும்பாலான ஆறுகளில் நல்ல இடம் வளைவுக்குச் சற்று மேலேயோ கீழேயோ, விளிம்பிலிருந்து நன்றாகப் பின்வாங்கிய மேட்டில் அமையும். பழைய வரைபடம் அல்லது வான்படம் கிடைத்தால் பத்திருபது வருஷத்துக்கு முன்பு கரை எங்கே இருந்தது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறு எந்தப் பக்கம் நகர்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது, இடத்தை நின்றுகொண்டு தேர்ந்தெடுக்காதீர்கள். நிற்கும்போது பெரியவர்களின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1.5, 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். உட்கார்ந்தால் 1.1, 1.2 மீட்டருக்கு இறங்கிவிடும். இந்த 40 சென்டிமீட்டர் வித்தியாசத்தில் ஆறே காணாமல் போகும். நின்றால் தண்ணீர் பளிச்சென்று தெரிகிற இடத்தில் உட்கார்ந்தால் நாணலும் புதரும் மட்டுமே தெரியும். அதிலும் செடிகள் வாடிக் கிடக்கும் காலத்தில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு, செழித்து வளரும் காலத்தில் என்ன ஆகும் என்று தெரிவதில்லை. நாணல் ஆள் உயரத்துக்குமேல் வளரும். ஆகவே ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு, செடிகொடிகள் முழுதாக வளர்ந்திருக்கும் பருவத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒரு முழு மாலை உட்காருங்கள். முன்னால் இருக்கும் செடியை வெட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்பில் இடம் பார்க்க வேண்டாம். கரையோரச் செடிகள்தான் கரையைப் பிடித்து வைத்திருக்கின்றன, அவற்றில் பறவைகள் கூடு கட்டியிருக்கும், வெட்ட அனுமதியும் கிடைக்காது. காட்சி இயல்பாகத் திறந்திருக்கும் இடமாகப் பார்த்துப் பெஞ்சை அங்கே கொண்டுபோவதுதான் வழி.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது இன்னும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, வெயில். சூரியன் தாழ்வாக இருக்கும்போது தண்ணீரின் மேல் ஒளி சாய்ந்து விழும். அப்படிச் சாய்ந்து விழும் ஒளியைத் தண்ணீர் மிக அதிகமாகத் திருப்பி அனுப்பும். மேற்கே பார்த்த பெஞ்சில் மாலையில் சூரியன் இரண்டு தடவை கண்ணில் அடிக்கும், வானத்திலிருந்து ஒன்று, ஆற்றிலிருந்து ஒன்று. ஆற்றுக்கு நேர் எதிராக வைக்காமல் பெஞ்சைக் கொஞ்சம் திருப்பி, தண்ணீர் வரும் திசையையோ போகும் திசையையோ பார்த்த மாதிரி சாய்த்து வைத்தால் இந்தத் தொல்லை குறையும். காட்சியும் நன்றாக இருக்கும். நேர் எதிரே பார்த்தால் அக்கரைதான் தெரியும், சாய்த்துப் பார்த்தால் ஆற்றின் நீளம் தெரியும்.

இரண்டாவது, சத்தம். ஆறு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பேசுவதில்லை. கற்கள்மேல் மெல்லிசாக ஓடும் இடத்தில் சலசலக்கும், ஆழமான மடுவில் அமைதியாக இருக்கும். சரளைக்கல் படுகை உள்ள ஆறுகளில் இந்தச் சலசலப்பான இடங்கள் பொதுவாக ஆற்றின் அகலத்தைப்போல் ஐந்திலிருந்து ஏழு மடங்கு தூரத்துக்கு ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். 20 மீட்டர் அகலமான ஆறு என்றால் நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள் ஒன்று கிடைத்துவிடும். தனியாக வந்து உட்காருகிறவருக்குச் சத்தம் துணை. இருவர் உட்கார்ந்து மெதுவாகப் பேச வேண்டுமானால் மடுவின் பக்கம். உங்கள் அம்மா எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, மரநிழல். நிழல் வேண்டும், ஆனால் கிளைக்கு நேர் கீழே வேண்டாம். பறவை எச்சமும் பிசினும் விழும், ஈரம் காயாது, பாசி பிடிக்கும். அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டும்போது வேரும் அடிபடும். நிழல் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்று பார்த்து, மரத்தைவிட்டுத் தள்ளி, வெயில் உறைக்கும் நேரத்து நிழலுக்குள் பெஞ்சை வையுங்கள்.

பாதையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் முக்கியம். தடியூன்றி வருகிறவர் புல்லில் இறங்கி இருபது அடி நடந்து வர மாட்டார். மழைக்குப் பிறகு யாருமே வர மாட்டார்கள். பாதையை ஒட்டி, ஆனால் நடப்பவரின் முழங்கால் இடிக்காதபடி கால் நீட்டும் அளவுக்கு மட்டும் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு சக்கர நாற்காலி நிற்க, குறைந்தது 90 சென்டிமீட்டர் அகலத்தில் கெட்டியான சமதளம் விடச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் தன் துணையோடு தோளோடு தோளாக ஆற்றைப் பார்க்க முடியும். பெரும்பாலான பெஞ்சுகளில் இது விட்டுப்போகிறது, கேட்டால் செய்து தருவார்கள்.

இப்போது வெள்ளம். ஆற்றங்கரைப் பெஞ்சையும் மற்ற பெஞ்சுகளையும் பிரிப்பது இதுதான், இதில் கொஞ்சம் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மரம் மிதக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் கனமான பெஞ்சு மிதக்காது என்று நம்புகிறவர்கள் உண்டு. 60 கிலோ எடையுள்ள ஒரு தேக்கு பெஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தேக்கு ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ. அப்படியென்றால் பெஞ்சிலுள்ள மரத்தின் கன அளவு 92 லிட்டர். முழுதாக மூழ்கினால் 92 கிலோ தண்ணீரை ஒதுக்கும், ஆகவே தண்ணீர் அதை 92 கிலோ அளவுக்கு மேலே தள்ளும். தன் எடை போக 32 கிலோ மிச்சம். ஓடாத தண்ணீரிலேயே ஒரு சிறுவனின் எடை அளவுக்கு விசை அதை மேலே தூக்கப் பார்க்கும்.

ஓடும் தண்ணீரின் தள்ளல் இதைவிடப் பெரிது. பெஞ்சின் சாய்மானமும் கால்களும் சேர்ந்து தண்ணீரை எதிர்க்கும் பரப்பு அரை சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர் சுமார் 25 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். வேகம் இரண்டு மீட்டரானால் தள்ளல் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும்: 100 கிலோ. வெள்ளத்தில் கிளை, வைக்கோல், பிளாஸ்டிக் என்று வருவதெல்லாம் சாய்மானத்தின் இடைவெளிகளில் அடைத்துக்கொண்டு அதை ஒரு சுவர் மாதிரி ஆக்கிவிடும். அப்போது பரப்பு இன்னும் கூடும். கான்கிரீட் போட்டுவிட்டோமே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. தண்ணீருக்குள் கான்கிரீட்டும் எடை இழக்கும். தரையில் 100 கிலோ இருக்கும் கட்டி மூழ்கிய நிலையில் 60 கிலோவுக்கும் கொஞ்சம் குறைவாகவே கனக்கும்.

இதனால்தான் கரைப் பக்கத்தில் அனுபவமுள்ளவர்கள் நான்கு சின்னக் குழிகளுக்குப் பதிலாக, மண்ணுக்குள் புதைந்த ஒரே கான்கிரீட் பலகையாகப் போட்டு, பெஞ்சின் நான்கு கால்களையும் அதில் போல்ட்டால் பிணைக்கச் சொல்வார்கள். சுற்றியிருக்கும் மண்ணும் சேர்ந்து பிடிக்கும். பலகையின் மேல்மட்டம் தரையோடு தரையாக இருக்க வேண்டும். விளிம்பு தூக்கி நின்றால் தண்ணீர் அந்த விளிம்பைச் சுற்றிச் சுழன்று மண்ணைத் தோண்டிவிடும். சாய்மானத்தின் நீளவாக்கு நீரோட்டத்துக்கு இணையாக அமைந்தால் தள்ளல் வெகுவாகக் குறையும். பெரும்பாலும் ஆற்றைப் பார்த்த பெஞ்சு இயல்பாகவே அப்படித்தான் அமையும். மேலே சொன்ன மாதிரி திருப்பி வைக்கும்போது மிதமாகத் திருப்பினால் போதும். வருஷா வருஷம் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறும் இடம் என்றால், என் ஆலோசனை, பெஞ்சை மேலே கொண்டுபோய்விடுங்கள். அங்கேயிருந்து ஆறு கொஞ்சம் தள்ளித் தெரிந்தாலும் பரவாயில்லை.

கால்களைப் பற்றி ஒன்று. மரக்காலை நேரடியாகக் கான்கிரீட்டில் புதைக்க ஒருபோதும் விடாதீர்கள். உறுதியாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் மரம் முதலில் உளுத்துப்போவது தரைமட்டத்தில்தான். அங்கே ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன, பூஞ்சைக்கு இரண்டும் வேண்டும். முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும் மரம் காற்று இல்லாததால் நூற்றாண்டுகள் நிற்கும். எப்போதும் காய்ந்திருக்கும் மரமும் நிற்கும். இடைப்பட்ட அந்தச் சில அங்குலம்தான் ஆபத்து. அதிலும் காலின் அடிமுனை, அதாவது மரத்தின் நார்கள் வெட்டுப்பட்டு நிற்கும் முகம், பக்கவாட்டை விடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். அதனால் காலுக்கு அடியில் ஒரு உலோகப் பாதம் வைத்து, மரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். பெஞ்சு வந்து இறங்கும் அன்று குனிந்து பார்க்க வேண்டிய முதல் இடம் இது.

மரம் எது என்று கேட்டால் தேக்கு என்பதுதான் சுலபமான பதில். அதன் எண்ணெய்ப் பசையும், அதிலுள்ள இயற்கைச் சேர்மங்களும் பூஞ்சையையும் பூச்சியையும் தள்ளி வைக்கும். ஆனால் இந்தக் குணம் வைரம் பாய்ந்த பகுதிக்குத்தான் உண்டு, சுற்றியுள்ள வெளிறிய பகுதிக்கு இல்லை. சீக்கிரமே வெட்டப்பட்ட இளம் தோட்டத் தேக்கில் வெளிறிய பகுதி அதிகம், வைரத்திலும் எண்ணெய் குறைவு. பெஞ்சின் பட்டிகளில், அதாவது நீளப் பலகைகளில், ஓரத்தில் வெள்ளைக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அந்தப் பட்டியை மாற்றித் தரச் சொல்லுங்கள். ஓக் மரமும் நன்றாக உழைக்கும், ஆனால் அதிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுப்புக் கறை படியும், சாதாரண ஆணியும் அரித்துப்போகும். அதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணிதான் சரி. கடலை ஒட்டிய முகத்துவாரப் பகுதி என்றால் 316 என்ற தர எண் உள்ள ஸ்டீலைக் கேளுங்கள். அதில் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்த்திருப்பதால் உப்புக்காற்றைத் தாங்கும். மறுசுழற்சி பிளாஸ்டிக் பெஞ்சு உளுத்துப்போகாது, வெள்ளத்துக்குப் பிறகு கழுவி விட்டால் போதும். ஆனால் வெயிலில் சுடும், நீளமான பட்டியானால் நடுவில் தொய்யும், எழுத்துச் செதுக்குவதும் சரியாக வராது. அடிக்கடி தண்ணீர் ஏறும் தாழ்வான இடத்தில் மட்டும் அதைச் சிபாரிசு செய்வேன்.

மரம் சாம்பல் நிறமாக மாறினால் பயப்பட வேண்டாம். வெயில் மரத்தின் மேற்பரப்பிலுள்ள லிக்னினை, அதாவது நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பொருளை, சிதைக்கிறது, மழை அதைக் கழுவிவிடுகிறது, அவ்வளவுதான். உள்ளே மரம் கெட்டியாகவே இருக்கும். நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் இரண்டு காரியங்கள்தான் பெஞ்சைக் கெடுக்கின்றன. ஒன்று, அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தால் கழுவுவது. மென்மையான நார்கள் பிய்ந்து, மேற்பரப்பு வரி வரியாகப் பள்ளம் விழுந்து, அடுத்த மழையில் அதிகத் தண்ணீரைக் குடிக்கும். இன்னொன்று, வருஷாவருஷம் எண்ணெய் பூசுவது. ஆளி விதை எண்ணெய் போன்றவை பூஞ்சணத்துக்குத் தீனி. மிதமான சோப்புத் தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும், நார் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும்.

உட்காரும் உயரம் 45 சென்டிமீட்டரைச் சுற்றி இருக்கட்டும். சாய்மானம் கட்டாயம் வேண்டும். கைப்பிடியும் கட்டாயம் வேண்டும், அதுவும் பிடித்து ஊன்றி எழுவதற்கு ஏற்றபடி இருக்கையின் முன்விளிம்பு வரை நீண்டிருக்க வேண்டும். வயதானவர்கள் ஒரு பெஞ்சில் உட்காருவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது உட்கார முடியுமா என்று பார்த்து அல்ல, எழுந்திருக்க முடியுமா என்று பார்த்துத்தான்.

வாசகத்துக்கு வருவோம். இத்தாலியில், எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பாம்பேயியில், ஹெர்குலேனியம் வாசல் என்ற நகரவாசலுக்கு வெளியே, மாமியா என்ற பெண் பூசாரியின் கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லறையின் முகப்பே எரிமலைக்கல்லில் செய்த அரைவட்ட பெஞ்சுதான். சாய்மானத்தின் குறுக்கே பெரிய எழுத்துகளில், பப்லியஸின் மகள், பொதுப் பூசாரி, நகர மன்றத்தின் ஆணைப்படி அடக்கத்துக்கு இந்த இடம் தரப்பட்டது என்று எழுதியிருக்கிறது. சாம்பலில் புதைந்து மீண்ட அந்த இருக்கை, ஊருக்குள் வருகிறவர்களும் போகிறவர்களும் இளைப்பாறும் இடமாக இருந்தது. ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முந்திய நினைவு பெஞ்சு. பெயர், யாருடைய மகள், என்ன செய்தார், யார் இடம் கொடுத்தார்கள்: இவ்வளவுதான் அதில் உள்ள செய்தி. நான் யோசனை கேட்பவர்களிடம் இதைத்தான் முன்மாதிரியாகச் சொல்வேன்.

பொதுவான புகழ்ச்சி யாருக்கும் பொருந்தும், அதனாலேயே யாரையும் காட்டாது. 'அன்பே உருவானவர்' என்ற வரியை வாசித்துவிட்டு எழுந்து போகிறவருக்கு உங்கள் அம்மாவைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது. 'இந்தக் கரையில் மீன்கொத்தியைத் தேடி நடந்தவர்' என்று இருந்தால் அவர் தலை தூக்கி ஆற்றைப் பார்ப்பார். உங்கள் அம்மா எதைப் பார்த்தார், எந்த நேரத்தில் வந்தார், யாரோடு வந்தார் என்று ஒன்று கிடைத்தால் போதும். உட்காரச் சொல்லி அழைக்கும் வாசகமும் நல்லது. தயங்கி நிற்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. துக்கத்துக்குரிய இடத்தில் உட்காரலாமா என்று நினைத்துக் கடந்துபோவார்கள். 'சற்று உட்காருங்கள்' என்று இரண்டு சொல் இருந்தால் அந்தத் தயக்கம் போய்விடும். பிறந்த தேதியும் மறைந்த தேதியும் முழுதாக வேண்டியதில்லை, வருஷம் போதும். தேதிகள் நிறைய இருந்தால் கல்லறைத் தோற்றம் வந்துவிடும்.

எழுத்தைத் தகட்டில் பொறிப்பதா, மரத்திலேயே செதுக்குவதா? நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் 1986 முதல் பெஞ்சுகளை மக்கள் தத்தெடுக்கும் திட்டம் நடக்கிறது; அங்கே சின்ன உலோகத் தகடுதான் வழக்கம். பல பெஞ்சுகளை ஒரே சீராக வைக்க அது வசதி. ஆற்றங்கரையில் தகட்டுக்கு வேறு சிக்கல்கள். பித்தளையும் வெண்கலமும் பழைய உலோகமாக விலை போவதால் திருடு போகும். பித்தளைத் தகட்டில் ஸ்டீல் திருகாணி போட்டு ஈரம் சேர்ந்தால் இரண்டு உலோகத்துக்கும் இடையே அரிப்பு உண்டாகலாம். தகட்டின் பின்னால் தண்ணீர் தேங்கி மரமும் அங்கேதான் முதலில் கெடும். தகடு வைத்தே ஆக வேண்டுமென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், அதே ஸ்டீல் திருகாணியோடு, மரத்துக்குள் அதன் கனத்துக்குப் பள்ளம் எடுத்துப் பதிக்கச் சொல்லுங்கள்.

எனக்குப் பிடித்தது சாய்மானத்தின் மேல்சட்டத்தில் செதுக்கிய எழுத்துதான். அதைத் திருட முடியாது, மரம் இருக்கும்வரை இருக்கும், விரலால் தடவியும் வாசிக்கலாம். தமிழில் செதுக்குவதானால் ஒரு எச்சரிக்கை. நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம். ண, ஞ, இ போன்றவற்றின் சுழிக்குள் எஞ்சி நிற்கும் சின்ன மரத்துண்டு நாரோடு சேர்ந்து பெயர்ந்து வந்துவிடும். எழுத்தின் உயரம் 3 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, 4 இருந்தால் நிம்மதி. புள்ளியைக் கவனியுங்கள்: ஆழமில்லாமல் குத்திய புள்ளி ஒன்றிரண்டு வருஷத்தில் அழுக்கு அடைந்து மறைந்துவிடும், பெயரே வேறாகிவிடும். வட்டத் துளையாக நன்றாக இறக்கிப் போடச் சொல்லுங்கள். செதுக்குவதற்கு முன்பு, அதே அளவில் காகிதத்தில் அச்சடித்துத் தரச் சொல்லி, வீட்டில் இரண்டு மூன்று பேர் எழுத்துக்கூட்டி வாசித்துச் சரிபாருங்கள். கணினி எழுத்துரு மாறியதால் கொம்பும் காலும் இடம் மாறிப் பொறிக்கப்பட்ட பெயர்களை நான் பார்த்திருக்கிறேன். மரத்தில் அழிப்பான் வேலை செய்யாது, சட்டத்தையே மாற்ற வேண்டியதுதான்.

அஸ்தி பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் மனது எனக்குப் புரிகிறது, இருந்தாலும் பெஞ்சின் அடியில் வேண்டாம் என்பேன். எரியூட்டிய எலும்புச் சாம்பல் பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். உப்பும் காரத்தன்மையும் அதிகம். ஒரே இடத்தில் கொட்டினால் புல் கருகி, அந்த இடம் வெகுநாள் வெறுமையாகவே கிடக்கும். அப்புறம், பெஞ்சுக்கு ஒரு நாள் பழுதுபார்க்க அடித்தளத்தைத் தோண்ட வேண்டி வரும், அன்றைக்கு அது யாருக்கும் நன்றாக இருக்காது. ஆற்றில் கரைப்பதானால் நிர்வாகத்தின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே, மீன் பிடிப்பவர்களுக்குப் பக்கத்தில் செய்யாமல் இருப்பது எங்கேயும் பொருந்தும் மரியாதை. பூ வைப்பதும் அப்படித்தான். உதிரிப் பூ வைக்கலாம். பிளாஸ்டிக் உறை, ரிப்பன், பலூன், கண்ணாடி விளக்கு எதுவும் வேண்டாம். முதல் காற்றிலேயே தண்ணீருக்குள் போய்விடும். இன்னொரு காரணமும் உண்டு. பொருட்கள் அடுக்கியிருக்கும் பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள்.

எத்தனை வருஷம் நிற்கும் என்பதற்கு இரண்டு பதில் உண்டு. நல்ல வைரத்தேக்கில், கழுந்தும் துளையுமாக, அதாவது ஒரு கட்டையின் முனையை இன்னொன்றின் துளைக்குள் இறக்கிப் பொருத்திச் செய்து, கால் ஈரத்தில் நிற்காமல் வைத்த பெஞ்சு, வெள்ளம் அதிகம் தொடாத இடத்தில் பல பத்தாண்டுகள் நிற்கும். ஒப்பந்தம் அவ்வளவு காலம் நிற்காது. பல பூங்கா நிர்வாகங்கள் 10 வருஷத்துக்குத்தான் உறுதி தருகின்றன. சில இடங்களில் 'பெஞ்சின் ஆயுள் வரை' என்று எழுதுவார்கள். ஆயுள் முடிந்துவிட்டது என்று யார் தீர்மானிப்பது என்று அதில் இருக்காது. கேளுங்கள். காலம் முடிந்தால் புதுப்பிக்கும் முதல் உரிமை உங்களுக்கா? வெள்ளத்தில் போனால் திரும்ப வைப்பது யார் பொறுப்பு? ஒரு பட்டி உடைந்தால் அவர்கள் மாற்றுவார்களா, நீங்கள் ஆள் கொண்டுவரலாமா? பாதை மாற்றப்பட்டால் பெஞ்சு எங்கே போகும்? குடும்பத்தில் ஒருவருடைய முகவரியை மட்டும் கொடுக்காமல், இளையவர் ஒருவருடையதையும் சேர்த்துக் கொடுங்கள். காலம் முடிவதாகக் கடிதம் அனுப்பி, அது போய்ச் சேராமல், குடும்பத்துக்குத் தெரியாமலே எடுக்கப்பட்ட பெஞ்சுகள் உண்டு.

கரையில் இடமே இல்லை என்று நிர்வாகம் சொன்னாலும் மனம் தளர வேண்டாம். நெரிசலான கரைகளில் புதிதாக வைக்க அனுமதி நிறுத்தப்பட்டிருக்கும், ஆனால் சிதைந்த பழைய பெஞ்சு ஒன்று நல்ல இடத்தில் கவனிப்பாரற்று இருக்கும். அதைச் சீர்செய்து தருகிறோம், பழைய பெயர் இருந்தால் அதையும் வைத்துக்கொண்டு எங்கள் பெயரைச் சேர்க்கிறோம் என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அஸ்திவாரம் ஏற்கெனவே இருக்கும், ஆற்றுத் துறையின் அனுமதிச் சிக்கலும் குறையும்.

வெள்ளம் வந்து வடிந்த பிறகு, வண்டல் காய்வதற்குள் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி, நான்கு போல்ட்டையும் கையால் அசைத்துப் பாருங்கள். ஒன்று ஆடினாலும் நிர்வாகத்துக்குப் படத்தோடு எழுதிவிடுங்கள், அடுத்த வெள்ளம்வரை காத்திருக்க வேண்டாம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது இன்னொரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள்: பெஞ்சை அகற்றும் நாள் வந்தால், பெயர் செதுக்கிய மேல்சட்டத்தைக் குடும்பத்திடம் திருப்பித் தர வேண்டும். அது கழற்றக்கூடியதாக, பசை போடாமல் போல்ட்டால் மட்டும் பிணைத்ததாக இருக்க வேண்டும் என்று பெஞ்சு செய்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். செய்து முடித்த பிறகு சொன்னால் முடியாது.